சைட்டோகைனுக்குத் தமிழில் என்ன பெயர்?

கொரோனா ஆண்டுகளில் 'சைட்டோகைன் புயல்' என்று நாளிதழ்கள் எழுதியபோது புயல் எல்லாருக்கும் புரிந்தது, சைட்டோகைன்தான் புரியவில்லை. அதே பொருள்கள்தாம் முடக்குவாதக்காரரின் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் உள்ளவரின்) மூட்டுகளில் ஆண்டுக்கணக்கில் வேலை பார்க்கின்றன.

உயிரணுக்கள் வெளியிடும் சிறு புரதங்களே சைட்டோகைன்கள். ஒன்றிலிருந்து வெளிவந்தது பக்கத்து உயிரணுவின் மேலுள்ள ஏற்பியில் போய்ப் பொருந்தும். 'பெருகு', 'இங்கே வா', 'போதும், நிறுத்து' என ஏதோவொரு செய்தியைச் சேர்க்கும்.

1969இல் இவற்றுக்கு லிம்ஃபோகைன் என்றுதான் பெயர் வைத்தார்கள். நிணவணுக்கள் (வெள்ளணுக்களில் ஒருவகை) சுரப்பவை என்று பொருள். மற்ற உயிரணுக்களும் சுரக்கின்றன என்று தெரியவந்ததும் அந்தப் பெயர் போதவில்லை. 1974இல் ஸ்டான்லி கோஹன் சைட்டோகைன் என்ற சொல்லை முன்வைத்தார். (நோபல் பரிசு பெற்ற ஸ்டான்லி கோஹன் வேறொருவர்.) இரண்டு கிரேக்க வேர்கள்: 'கைட்டோஸ்' என்றால் உள்ளீடற்ற பாத்திரம், 'கினேசிஸ்' என்றால் இயக்கம்.

பாத்திரம் என்றதும் தமிழருக்குக் கலம் நினைவுக்கு வரவேண்டும். உயிரணுவைத் தமிழகப் பாடநூல்கள் செல் என்று எழுத, இலங்கைப் பாடநூல்கள் கலம் என்றே எழுதுகின்றன. கிரேக்கச் சொல்லுக்கு இதைவிட நெருக்கமானது கிடைக்காது. ஆனால் இயக்கியைச் சேர்த்துப் புணர்த்தினால் 'கலவியக்கி' என்று வரும். அதை எந்த ஆசிரியரும் வகுப்பில் உரக்கப் படிக்கமாட்டார். 'கலத்தூண்டி' கேட்க நன்றாக இருந்தாலும் பாதிதான் சரி. இன்டர்லூக்கின்-10 போன்ற சைட்டோகைன்கள் அழற்சியை அடக்குபவை. என் தேர்வு 'கலத்தூது'. தூது என்பது தமிழில் செய்தியையும் குறிக்கும், கொண்டுபோகும் ஆளையும் குறிக்கும். இந்தப் புரதங்களும் அப்படித்தான்.

முடக்குவாதத்தில் மூட்டின் உட்சவ்வு தடித்து வீங்குகிறது. அங்கே குவியும் விழுங்கணுக்கள் (கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்கள்) டி.என்.எஃப். என்ற கலத்தூதை ஏராளமாக அனுப்புகின்றன. இதன் முழுப்பெயரைத் தமிழாக்கினால் 'கட்டி நசிவுக் காரணி'. 1975இல் எலிகளின் புற்றுக்கட்டியை அழித்ததால் வந்த பெயர். மருந்துச்சீட்டில் பார்த்துவிட்டு 'எனக்குப் புற்றுநோயா?' என்று யாரும் கலங்க வேண்டாம். 1980களின் இறுதியில் லண்டனில் மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி குழுவினர், நோயாளிகளின் மூட்டுச்சவ்வு உயிரணுக்களை வளர்த்து, டி.என்.எஃபை மட்டும் எதிர்ப்பொருளால் தடுத்துப் பார்த்தார்கள். இன்டர்லூக்கின்-1 என்ற இன்னொரு கலத்தூதின் சுரப்பும் சேர்ந்தே குறைந்தது. தூதுகளுக்குள் ஒரு வரிசைமுறை இருக்கிறது, முதல் ஆளைத் தடுத்தால் பின்னால் வருபவர்கள் அடங்குகிறார்கள் என்பது அப்போது தெளிந்தது. 1992இல் டி.என்.எஃப். எதிர்ப்பொருளை நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். இன்ஃப்ளிக்சிமேப் அப்படி வந்த மருந்து.

இன்னொரு தூது இன்டர்லூக்கின்-6. கல்லீரலுக்குப் போய், அழற்சியின்போது இரத்தத்தில் கூடும் சி.ஆர்.பி. புரதத்தைச் சுரக்கச் சொல்வது இதுதான். முடக்குவாதத்தோடு வரும் இரத்தசோகையிலும் இதற்குப் பங்குண்டு.

முடக்குவாதம் பற்றிப் பேசும்போது தமிழாக்க வேண்டிய அடுத்த சொல் 'டிசீஸ் ஆக்டிவிட்டி'; அதற்கு என் தேர்வு 'நோய் முனைப்பு'. நோய்த் தீவிரம் என்று எழுதினால், ஏற்கெனவே கோணிப்போன விரல்களையும் சேர்த்துச் சொன்னதாகிவிடும். முனைப்பு என்பது இன்றைக்கு அழற்சி எவ்வளவு எரிகிறது என்பது. டி.ஏ.எஸ்.28 என்ற மதிப்பெண் இதற்குத்தான்: 28 மூட்டுகளை மருத்துவர் அழுத்திப் பார்த்து வலிப்பவை எத்தனை, வீங்கியவை எத்தனை என்று எண்ணுவார், ஈ.எஸ்.ஆர். (இரத்தச் சிவப்பணுக்கள் படியும் வேகம்) அல்லது சி.ஆர்.பி. அளவும் நோயாளி தன் நிலைக்குத் தானே இடும் மதிப்பும் சேரும். 5.1ஐத் தாண்டினால் மிகுந்த முனைப்பு, 2.6க்குக் கீழே தணிவு.

கலத்தூதுகளை நேரடியாக அளப்பது வழக்கமான சிகிச்சையில் இல்லை, சி.ஆர்.பி.தான் இன்டர்லூக்கின்-6க்கு மறைமுகச் சாட்சி. டோசிலிசுமேப் அந்தத் தூதின் ஏற்பியையே அடைக்கும் மருந்து. அதைப் போட்டதும் கல்லீரலுக்குச் செய்தி போகாது, சி.ஆர்.பி. சரிந்துவிடும், மதிப்பெண்ணும் கூடவே இறங்கும். மணிக்கட்டு மட்டும் இன்னும் வீங்கியே இருக்கலாம். ஆகவே இந்த மருந்தில் இருப்பவருக்கு ஆய்வக அறிக்கையைவிட, மருத்துவர் விரலால் அழுத்தி எண்ணும் கணக்குக்கே மதிப்பு அதிகம்.