பழைய டிராக்டர் உதறுதுன்னா உடனே இன்ஜினைப் பிரிச்சுறாதீங்க

மதுரை ஒத்தக்கடை பக்கம் டிராக்டர் பட்டறை வச்சிருக்கேன், வர்றதுல பாதிக்கு மேல பழைய வண்டிதான், மாஸி 1035, மஹிந்திரா பி-275, ஃபோர்டு 3600, எப்பவாச்சும் ஒரு எச்எம்டி 2511. பெரியாறு கால்வாயில கள்ளந்திரி வரைக்கும் இருபோகத்துக்குத் தண்ணி தொறக்கப் போறாங்கன்னு பேச்சு வந்துட்டாப் போதும், மாசக்கணக்கா வேப்பமரத்தடியில கெடந்த வண்டியெல்லாம் கெளம்பி வந்துரும். வந்ததும் ஒரே பாட்டுதான், "அண்ணே வண்டி ரொம்ப உதறுது, போர் வேலை பாக்கச் சொல்றாங்க, எம்புட்டு ஆகும்?" போர் வேலைன்னா இன்ஜினைப் பிரிச்சு சிலிண்டரைக் கடைஞ்சு பிஸ்டன் மாத்துறது.

இருங்க, மொதல்ல எது உதறுதுன்னு பாப்போம்.

கார்ல இன்ஜின் ரப்பர் மேல உக்காந்திருக்கும். இந்த டிராக்டர்கள்ல அப்படிக் கெடையாது, இன்ஜின்தான் சேஸே, முன்னாடி ஆக்சில் பிராக்கெட்டுலயும் பின்னாடி கியர்பாக்ஸ் ஹவுசிங்லயும் போல்ட் போட்டு நேரா முறுக்கியிருப்பாங்க, அதனால உள்ள சின்னதா ஒண்ணு ஆடுனாலும் ஸ்டீயரிங், சீட்டு, மட்கார்டு எல்லாத்துலயும் தெரியும். கார் பட்டறையில காட்டுனா "மவுண்டிங் போயிருக்கும்"பாங்க, இல்லாத மவுண்டிங் எங்கிட்டுப் போகும்? ஆனா அந்த போல்ட்டுங்க லூசாகும். பழைய இங்கிலாந்து டிசைன் வண்டிகள்ல இஞ்ச் த்ரெட்டு இருக்கும், அதுல எவனாச்சும் கையில கெடைச்ச எம்எம் போல்ட்டை அடிச்சு ஏத்தியிருப்பான், கொஞ்ச நாள்ல த்ரெட்டைத் தின்னுட்டு ஆட ஆரம்பிச்சுரும். ஸ்பேனர் எடுத்து முன் பிராக்கெட்டையும் பெல் ஹவுசிங்கையும் (கிளட்ச் இருக்குற கூடு) ஒரு சுத்து முறுக்கிப் பாக்குறதுக்குக் காசு ஒண்ணும் ஆகாது.

இன்னொண்ணு, எல்லா இன்ஜினும் ஒரே மாதிரி ஓடாது. ஐச்சர் ஒத்தை சிலிண்டர் வண்டி, எச்எம்டி 2511 ரெண்டு சிலிண்டர், இதெல்லாம் ஐடில்ல, அதாவது ஆக்சிலேட்டர் குடுக்காம ஓடுறப்ப, குதிக்கத்தான் செய்யும், அது அதோட பிறவிக்குணம். அதே குதி மூணு சிலிண்டர் மாஸியில வந்தா வேற கதை.

இப்ப சோதனை. வண்டியை நியூட்ரல்ல நிறுத்தி ஸ்டார்ட் பண்ணி ஆக்சிலேட்டரை மெதுவா ஏத்துங்க. ஐடில்ல உதறி, ஏத்துனா சரியாகுதா? பெரும்பாலும் ஒரு சிலிண்டர் அடிக்கல, அதாவது அதுல டீசல் சரியா எரியல. ஏத்த ஏத்தக் கூடுதா? சுத்துற பொருள்ல, அதாவது ஃப்ளைவீல், பிரஷர் பிளேட், முன் புல்லி இதுல எங்கயோ எடை ஒதுங்கியிருக்கு. கிளட்ச்சை மிதிச்சா மாறுதா? அப்ப கிளட்ச் பிளேட், பைலட் பேரிங், கியர்பாக்ஸ் பக்கம் போங்க. நின்னப்ப நல்லா இருந்து ரோட்டுல மட்டும் ஆடுனா இன்ஜினைத் தொடவே வேணாம், டயர், முன்வீல் பேரிங், கிங்பின்னைப் பாருங்க.

நான் பாத்த வரைக்கும் நெறைய கேஸு மொத ரகம்தான், அதுவும் டீசல்ல வர்ற கோளாறு. பாதி டேங்க்கோட மாசக்கணக்கா நின்ன வண்டியில உள்பக்கம் வேர்த்துத் தண்ணி சேந்துரும், துரு எறங்கி ஃபில்டரை அடைக்கும், பைப் ஜாயிண்ட்டுல காப்பர் வாஷர் பழசாகிக் காத்து இழுக்கும். டேங்க் அடியில தண்ணியை எறக்குங்க, ஃபில்டரை மாத்துங்க, பிளீட் ஸ்க்ரூவைத் திறந்து நுரை நிக்கிற வரைக்கும் ஏர் எடுங்க. அப்பறமும் உதறுனாத்தான் அடுத்தது, ஐடில்ல ஓடுறப்ப நாசிலுக்கு (சிலிண்டருக்குள்ள டீசலைப் பீச்சுறது) வர்ற பைப் நட்டை ஒவ்வொண்ணா அரைச்சுத்து லூஸ் பண்ணிட்டு மறுபடி டைட் பண்ணணும். எதை லூஸ் பண்ணும்போது இன்ஜின் சத்தம் எறங்குதோ அந்த சிலிண்டர் வேலை செய்யுது, எதுல ஒரு மாத்தமும் இல்லையோ அதுதான் ஆளு. அந்த நாசிலைக் கழட்டிப் பக்கத்து சிலிண்டர்ல மாத்திப் போடுங்க, கோளாறும் கூடவே மாறுனா நாசில், மாறாம அங்கயே இருந்தா டேப்பெட் (வால்வு இடைவெளி), கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள காத்து அழுத்தம்), டீசல் பம்ப்னு போகணும். கம்ப்ரஷன் எறங்கிருச்சுன்னு தெரிஞ்சப்பறம்தான் போர் வேலையைப் பத்திப் பேச்சே.

இங்க ஒரு எச்சரிக்கை, தயவுசெஞ்சு படிங்க. நாசில்ல இருந்து வர்ற டீசல் நூத்தம்பது பாருக்கு மேல அழுத்தத்துல அடிக்கும், காத்தடிச்ச லாரி டயர்ல பத்து பார் கூட இருக்காது. ஸ்ப்ரே வருதான்னு உள்ளங்கையை வச்சுப் பாக்குற பழக்கம் இன்னும் போகல. அது தோலைக் குத்தி உள்ள போயிரும், வெளிய எறும்பு கடிச்ச மாதிரி ஒரு புள்ளிதான், வலி கூட மொதல்ல பெருசா இருக்காது, ஆனா உள்ள சதை அழுகி விரலையே எடுக்குற நெலைமைக்குக் கொண்டுபோயிரும். அப்படிப் பட்டுட்டா மஞ்சளை வச்சுக் கட்டாம நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போய், "அழுத்தத்துல டீசல் உள்ள போயிருச்சு"ன்னு அதே வார்த்தையில சொல்லுங்க. லீக் பாக்கணும்னா அட்டையை நீட்டிப் பாருங்க. கண்ணாடி போட்டுக்கங்க, வேட்டி, தோள்ல துண்டோட ஃபேன் பெல்ட் பக்கமும் பிடிஓ (பின்னாடி கருவிகளைச் சுத்த வைக்கிற ஷாஃப்ட்) பக்கமும் போகாதீங்க.

இன்ஜின் வேலை பாத்த பிறகு புதுசா உதறுதுன்னா பாத்த வேலையிலதான் தேடணும். ஒரு சிலிண்டருக்கு மட்டும் வேற செட்டு பிஸ்டன் போட்டா எடை மாறும். பிரஷர் பிளேட்டை மார்க் பாக்காம திருப்பி மாட்டுனா மாறும். சில 4 சிலிண்டர் பெர்க்கின்ஸ் இன்ஜின்ல, 4.236 மாதிரி, சம்ப்புக்குள்ள (அடியில ஆயில் நிக்கிற தொட்டி) உதறலை அடக்குற பேலன்சர் இருக்கு, கிராங்க்கை விட ரெண்டு மடங்கு வேகத்துல சுத்தும், ஆயில் பம்ப்பும் அதோட சேந்ததுதான், கழட்டிட்டு டைமிங் பாக்காம மாட்டுனா நல்லா இருந்த இன்ஜினும் ஆடும். ரோட்டாவேட்டர் மாட்டுனா மட்டும் உதறுச்சுன்னா பிடிஓல இருந்து போற ஷாஃப்ட்டோட ரெண்டு முனை கவையும் ஒரே நேர்ல இருக்கான்னு பாருங்க, ஒரு பல்லு மாத்தி மாட்டியிருப்பாங்க.

"ஓடுற வரைக்கும் ஓடட்டும்"னு விடுறவங்களுக்கு ஒரு கணக்கு. ஐடில் நிமிஷத்துக்கு 700 சுத்துன்னா, அடிக்காத ஒரு சிலிண்டர் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை உலுக்கும், நிமிஷத்துக்கு 350, செகண்டுக்கு ஏறக்குறைய ஆறு. உக்காந்திருக்கிற மனுசனோட முதுகெலும்பு செகண்டுக்கு நாலுல இருந்து எட்டு தடவை வரைக்கும் வர்ற ஆட்டத்துலதான் அதிகமா அதிரும். வயசான டிரைவருங்க இடுப்பைப் புடிச்சுக்கிட்டு எறங்குறதுல இதுக்கும் பங்கு இருக்கு. வண்டிக்கும் இதே கதிதான், மொதல்ல ஒடையிறது நாசில் பைப், அதுவும் பைப்பைப் புடிச்சு வைக்கிற கிளிப்பைக் கழட்டி வீசுன வண்டியில. ஒடைஞ்ச பைப்புல இருந்து டீசல் சூடான சைலன்சர் மேல அடிச்சாத் தீப்புடிக்கும். கிளிப்பு சல்லி விலைதான், இல்லாத வண்டி பட்டறைக்கு வந்தா நான் கேக்காமலே போட்டு அனுப்பிருவேன்.