ஒரு சேனல் பேசுகிறது, மற்றது ஊமை: கிட்டார் ஆம்ப்பில் எந்த வால்வைச் சந்தேகிப்பது?

கிளீன் சேனலில் கிட்டார் தெளிவாகக் கேட்கிறது; கரகரப்பான ஒலிக்கான லீட் சேனலுக்கு மாற்றினால் மூச்சில்லை. உடனே ஒலியைப் பெருக்கும் கண்ணாடி வால்வுகள் எல்லாவற்றையும் வாங்கிப் போடுவது வீண் செலவு. மொரீஷியஸில் அது வெளிநாட்டிலிருந்து வந்து சேரவேண்டிய சரக்கு வேறு. எந்த வால்வு இரண்டு சேனலுக்கும் பொது, எது லீடுக்கு மட்டும் என்று தெரிந்தால், பழுதான இடம் பாதி பிடிபட்டுவிடும்.

அமெரிக்கர் ட்யூப் என்பதை இங்கே பிரெஞ்சு வழக்கில் லாம்ப் என்கிறோம். வால்வு ரேடியோவின் அதே வால்வுதான். கிட்டாரின் மெல்லிய சிக்னலை முதலில் பெருக்கும் பகுதியான ப்ரீஆம்ப்பில் பெரும்பாலும் இருப்பது 12ஏஎக்ஸ்7. ஐரோப்பியப் பெட்டியில் ஈசிசி83 என்று போட்டிருக்கும். வேறு பொருள் அல்ல. ஒன்பது ஊசி, ஒரே கண்ணாடிக்குள் இரண்டு தனித்தனி ட்ரையோடு, அதாவது கேத்தோடு, கிரிட், பிளேட் என மூன்று முனை கொண்ட பெருக்கி. சூடேறிய கேத்தோடிலிருந்து பிளேட்டுக்கு எலக்ட்ரான்கள் ஓடுகின்றன. இடையில் நிற்கும் கிரிட், வாய்க்கால் மடைப்பலகை போல அந்த ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கிறது.

12ஏஎக்ஸ்7-இன் பெருக்கக் காரணி 100. பிளேட்டில் 100 கிலோ ஓம், கேத்தோடில் 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர் என்ற வழக்கமான அமைப்பில் கைக்குக் கிடைப்பது 60 மடங்கு அளவில். ஒரு ட்ரையோடு ஒரு கட்டம்; கிட்டாரிலிருந்து 0.1 வோல்ட் வந்தால் முதல் கட்டம் தாண்டும்போது 6 வோல்ட். அடுத்த கட்டத்தின் கிரிட் ஒன்றரை வோல்ட் அளவுதான் சிதறாமல் தாங்கும். கெய்ன் குமிழைக் குறைத்து 1 வோல்ட் அனுப்பினால் கிளீன். ஆறையும் அப்படியே விட்டால் அலையின் தலை நசுங்கும். அந்த நசுங்கல்தான் டிஸ்டார்ஷன். லீட் சேனல் என்பது பெரும்பாலும் இப்படி இன்னும் ஒன்றிரண்டு கட்டங்களைத் தொடராக நுழைப்பதுதான். ஃபுட்ஸ்விட்சை மிதித்தால் உள்ளே ரிலே என்ற மின் சுவிட்ச் பாதையைத் திருப்புகிறது.

எல்லா ஆம்ப்பும் ஒரே மாதிரி அல்ல. 1960-களின் ஃபெண்டர் ட்வின் ரிவெர்பில் நார்மல் சேனலுக்கு வி1 (முதல் ப்ரீஆம்ப் வால்வு), வைப்ராட்டோ சேனலுக்கு வி2 (இரண்டாவது). பழைய மார்ஷலின் '1959' என்ற மாடலில் ஒரே வி1-இன் ஒரு பாதி ஒரு சேனலுக்கு, மறு பாதி அடுத்ததற்கு. அதனால் 'வால்வு எரிகிறதே' என்பது சாட்சியே அல்ல. ஒரு பாதி செத்தும் இழை ஒளிரும். இன்றைய சேனல் மாற்றும் ஆம்ப்களில் வி1 பல சமயம் பொது. அப்படியானால் கிளீன் பேசும்போது, அதன் சிக்னல் பாயும் வி1-இன் பாதி குற்றமற்றது. கடைசியில் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வுகளும் அப்படியே.

இனிச் சோதனை. பிளக்கைப் பிடுங்கி, வால்வு ஆறும் வரை பொறுங்கள். மின்சுற்று இருக்கும் உலோகப் பெட்டியான சேசிஸைத் திறக்க வேண்டாம்; கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேலும் தேங்கியிருக்கலாம். உலோக மூடியை அமுக்கித் திருகி எடுத்து, வால்வை மெல்ல ஆட்டி நேராக இழுங்கள். நல்லதென்று தெரிந்த ஒரே ஒரு 12ஏஎக்ஸ்7-ஐ, லீடுக்கு மட்டுமான இடங்களில் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். ப்ரீஆம்ப் வால்வுக்கு பயாஸ் (கிரிட்டின் நிலையான வோல்டேஜ்) சரிசெய்யத் தேவையில்லை. எதை மாற்றியும் ஊமை என்றால் ரிலேயையோ ஃபுட்ஸ்விட்சையோ பாருங்கள்.

கீச்சென்று ஊளையிட்டால் பென்சிலின் ரப்பர் முனையால் ஒவ்வொன்றையும் தட்டுங்கள். வி1 லேசாக 'டக்' என்பது இயல்பு. மணிபோல் ரீங்கரித்தால் அது மைக்ரோஃபோனிக், அதாவது அதிர்வை மைக் போல ஒலியாக்கும் வால்வு; மாற்ற வேண்டியதே.

படபடவென்று பொரிந்தால் வால்வைப் பழிப்பதற்கு முன் ஊசியைப் பாருங்கள். கடற்காற்றில் வைத்திருந்த ஆம்ப்பில் அது மங்கிப்போயிருக்கும். கான்டாக்ட் கிளீனரை ஊசியில் தடவி, மூன்று நான்கு முறை செருகி எடுத்தால் பல நேரம் தீர்ந்துவிடும்.

ஓயாத உறுமல் வேறு கதை. நம் வீடுகளில் மூன்று சதுரக்கால் பிரிட்டிஷ் பிளக்கும் இரண்டு உருளைக்கால் பிரெஞ்சு பிளக்கும் கலந்தே கிடக்கின்றன. நடுவில் செருகும் மலிவு அடாப்டரில் எர்த் அறுந்திருந்தால் 50 ஹெர்ட்ஸ் உறுமல் வரும்; கிட்டார் கம்பியைத் தொட்டபடி மைக்கில் வாய்வைத்தால் ஷாக்கும் அடிக்கலாம். எந்த வால்வை மாற்றியும் அது போகாது.