வன்னிக் குழந்தைக்குப் பேச்சு வருவது எப்படி?

எழுதும்போது சொல்லுக்குச் சொல் இடம் விடுகிறோம். பேசும்போது விடுவதில்லை. 'குளத்தடிக்குப்போட்டுவாறன்' என்று அப்பா சொல்வது குழந்தையின் காதில் ஒரே இழுப்பாகத்தான் விழுகிறது. சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அது எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கணக்கு வைத்துத்தான். எந்த அசைக்குப் பின்னால் எது அடிக்கடி வருகிறது என்பதை மூளை தன்பாட்டில் பதிந்துகொண்டே போகிறது. 1996இல் அமெரிக்காவில் ஜெனி சாஃப்ரானும் சக ஆய்வாளர்களும் அர்த்தமில்லாத அசைகளை இடைவெளியின்றி 2 நிமிடம் ஒலிக்கவிட்டார்கள். அவ்வளவிலேயே 8 மாதக் குழந்தைகள் எந்த அசைகள் சேர்ந்து வருகின்றன என்று பிடித்துவிட்டன. இரணைமடுக் குளத்துப் பக்கத்துப் பிள்ளை குளத்தில, குளத்துக்கு, குளத்தை என்று நாள் முழுக்கக் கேட்கிறது. 'குளத்' அப்படியே நிற்க, வால் மட்டும் மாறுகிறது. உருபுகள் பிடிபட இதுவே வழிவிடுகிறது. யாரும் இலக்கணம் சொல்லிக் கொடுப்பதில்லை!

காது அதற்கு வெகு முன்பே வேலையைத் தொடங்கிவிடும். பிறந்த சில நாட்களிலேயே தாயின் குரலை இனங்காணும். 1984இல் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலச் சூழலில் வளரும் 6 முதல் 8 மாதக் குழந்தைகள் ஹிந்தியின் இருவகை 'ட', 'த' ஒலிகளைப் பிரித்தறிந்தன. ஒரு வயதை நெருங்கியபோது பெரும்பாலானவற்றுக்கு அது முடியவில்லை. பட்டு, பத்து என்று கேட்டு வளரும் எங்கள் பிள்ளைகளிடம் அந்தக் கூர்மை தங்கிவிடுகிறது.

அப்புறம் மழலை, ஒரு வயதளவில் முதற்சொல், இரண்டு வயதளவில் 'அம்மம்மா வா'. பிள்ளைக்குப் பிள்ளை இது முந்தும், பிந்தும்.

எனக்குக் கவலை, பிள்ளையின் கையில் கொடுக்கும் போனைப் பற்றித்தான். 2003இல் பட்ரிசியா குல் குழுவினரின் ஆய்வில், 9 மாத அமெரிக்கக் குழந்தைகள் சீன மொழி பேசுபவர்களுடன் நேரில் விளையாடி அந்த ஒலிகளைக் கற்றன. காணொளியில் பார்த்தவை கற்கவில்லை. குழந்தை பார்க்கும் பக்கம் தானும் பார்த்து, அதன் 'ஆ'வுக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும். 'இஞ்ச பார் குஞ்சு, மயி...ல்!' என்று அம்மம்மா இழுத்துச் சொல்லும்போது ஒலிகள் தெளிவாகின்றன, பிள்ளையின் கவனமும் அங்கே நிற்கிறது.

ஒரு வயதாகியும் மழலை இல்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பவில்லை என்றால், 'தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்' என்று விட்டுவிடாதீர்கள். கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி, முதலில் காதைப் பரிசோதிக்கக் கேளுங்கள்.