யார் கழற்றியது? ஜப்பானியப் பேரரசரும் எழுவாய் இல்லாத வாக்கியங்களும்

சென்னைக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் நடந்த விபத்து பற்றிய அறிக்கையை ஜப்பானிய மொழியிலிருந்து தமிழாக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பிரஸ் மெஷினில் ஓர் ஒப்பந்தத் தொழிலாளியின் இரண்டு விரல்கள் போயிருந்தன. அறிக்கையின் முக்கியமான வரி இதுதான்: "பாதுகாப்பு மூடி கழற்றப்பட்டிருந்தது." மூலத்தில் என்ன இருந்ததோ அதை அப்படியே தமிழில் கொடுத்தேன். கூட்டத்தில் வாசித்து முடித்ததும், கையில் கட்டோடு உட்கார்ந்திருந்த அந்தப் பையன் என்னைப் பார்த்துக் கேட்டான்: "சரிங்க மேடம், யாரு கழட்டச் சொன்னாங்கன்னு அதுல போட்டிருக்கா?"

போட்டிருக்கவில்லை. மொழிபெயர்க்கும்போது அது எனக்கு உறைக்கவும் இல்லை.

ஜப்பானிய வினைச்சொல்லில் நான், நீ, அவன் என்று காட்டும் விகுதி கிடையாது. 'இத்தா' என்றால் போனேன், போனாய், போனான், போனார்கள் எல்லாமே அதுதான். எழுவாயையும் பெரும்பாலும் சொல்லாமலே விட்டுவிடுவார்கள். சூழலை வைத்துக் கேட்பவர் புரிந்துகொள்ள வேண்டும். தமிழில் இப்படித் தப்புவது கடினம். வினைமுற்று வந்தால் பெரும்பாலும் கூடவே ஆளும் வந்துவிடுவார். தப்பிக்க நமக்கு இருக்கும் வசதியான சந்து 'படு': செய்யப்பட்டது, கழற்றப்பட்டது, முடிவெடுக்கப்பட்டது. அன்றைக்கு அந்தச் சந்துக்குள் நானும் நுழைந்திருந்தேன். பிறகு அறிக்கை எழுதியவரிடமே போய் வாய்விட்டுக் கேட்டேன். உற்பத்தி வேகத்துக்காக மூடியைக் கழற்றச் சொன்னவர் யார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஜப்பானிய மூலத்தை முதலில் திருத்தச் சொன்னேன். அப்புறம்தான் தமிழைத் திருத்தினேன்.

இதை எழுதக் காரணம் வேறு. ஒவ்வோர் ஆகஸ்டு மாதமும் என் ஜப்பானிய மொழி வகுப்பில் யாராவது ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்த செய்தியோடு வருவார்கள். ஒரு வருடம், பேரரசர் ஹிரோஹிட்டோ வானொலியில் ஒரே ஒரு உரையாற்றி உலகப் போரை நிறுத்திய மகான் என்று இருக்கும். மறுவருடம், அவர் ராணுவத்தின் கைப்பொம்மை, ஒன்றும் அறியாதவர் என்று வரும். இரண்டும் எனக்கு அந்த விபத்து அறிக்கை மாதிரிதான் தெரிகின்றன. போர் "மூண்டது", பிறகு அவர் சமாதானம் "செய்தார்". நல்லதற்கு மட்டும் எழுவாய் இருக்கிறது.

1889ஆம் ஆண்டின் மெய்ஜி அரசியலமைப்பே இதற்கு இடம் கொடுத்தது. பேரரசர் புனிதமானவர், தீண்டத்தகாத உயர்வுடையவர் என்றது 3ஆவது பிரிவு. தரைப்படைக்கும் கடற்படைக்கும் தலைமை அவருக்கே என்றது 11ஆவது பிரிவு. ஆனால் 55ஆவது பிரிவின்படி அமைச்சர்கள் அவருக்கு ஆலோசனை சொல்ல வேண்டும், அதற்குப் பொறுப்பும் அவர்களே ஏற்க வேண்டும். படைகளோ அமைச்சரவையைத் தாண்டி நேராகப் பேரரசரிடம் போகலாம். ஆக, அமைச்சரைக் கேட்டால் படை என்பார், படையைக் கேட்டால் பேரரசர் என்பார்கள், பேரரசரைக் கேட்கவோ யாருக்கும் உரிமை இல்லை. அவர் முன்னால் நடக்கும் மாநாட்டுக்கு 'கோஸென் கைகி' என்று பெயர். எல்லாம் முன்பே பேசி முடித்திருப்பார்கள். அவர் மௌனமாக உட்கார்ந்திருப்பார். அந்த மௌனமே ஒப்புதல்.

அவரால் பேசவே முடியாது என்றில்லை. 1928இல் மஞ்சூரியாவின் தலைவர் சாங் ஸோலின் சென்ற ரயிலை ஜப்பானிய ராணுவ அதிகாரிகள் குண்டு வைத்துத் தகர்த்துக் கொன்றார்கள். அந்த விஷயத்தைப் பிரதமர் தனாகா மழுப்பியபோது இளம் பேரரசர் கடிந்துகொண்டார். அந்த ஒரு கோபத்தில் 1929 ஜூலையில் அமைச்சரவையே விழுந்தது. அதற்குப் பிறகு, தனக்குப் பிடிக்காவிட்டாலும் அமைச்சரவை கொண்டுவருவதை ஏற்பதென்று முடிவெடுத்ததாக 1946இல் அவரே தன் உதவியாளர்களிடம் சொன்னார். 1936 பிப்ரவரி 26 அன்று ஏறக்குறைய 1,400 படைவீரர்கள் பேரரசர் பெயரைச் சொல்லிக்கொண்டே டோக்கியோவில் கிளர்ச்சி செய்து, நிதியமைச்சர் தகாஹாஷி உட்படப் பலரைக் கொன்றார்கள். தளபதிகள் தயங்கினார்கள். ஹிரோஹிட்டோ தயங்கவில்லை. இவர்கள் கலகக்காரர்கள், நீங்கள் அடக்காவிட்டால் நானே காவற்படையை நடத்திக்கொண்டு வருவேன் என்றார். நான்கே நாளில் எல்லாம் அடங்கியது. கைப்பொம்மைக் கதையை நம்புகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்த நான்கு நாட்களைத்தான்.

1941 செப்டம்பர் 5 அன்று தரைப்படைத் தளபதி சுகியாமாவிடம் அவர் கேட்டார்: அமெரிக்காவுடன் போர் வந்தால் எவ்வளவு காலத்தில் முடியும்? தெற்குப் பகுதியில் மூன்று மாதம் என்றார் சுகியாமா. சீனப் போர் ஒரு மாதத்தில் முடியும் என்று நீர்தானே சொன்னீர், நான்கு வருடம் ஆகியும் முடியவில்லையே என்று கேட்டார் பேரரசர். சீனாவின் உட்பகுதி பரந்தது என்று இழுத்தார் தளபதி. பசிபிக் அதைவிடப் பரந்தது இல்லையா என்றார் ஹிரோஹிட்டோ. உடனிருந்த பிரதமர் கொனோயே பிற்பாடு எழுதிவைத்த சம்பவம் இது. எத்தனை முறை படித்தாலும் நெஞ்சு பதைக்கிறது. எல்லாமே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மறுநாள் மாநாட்டில் வழக்கமான மௌனத்தைக் கலைத்து, தாத்தா மெய்ஜி பேரரசர் எழுதிய சிறு கவிதை ஒன்றை வாசித்தார். நாற்றிசைக் கடல்களும் உடன்பிறப்புகள் என்று எண்ணியிருக்கையில் அலையும் காற்றும் ஏன் இப்படிக் கொந்தளிக்கின்றன என்பது அதன் பொருள். போர் வேண்டாம் என்பதைக் கவிதையாகச் சொன்னார். அங்கிருந்தவர்களுக்கு அது புரியவும் செய்தது. ஆனால் மேசையில் இருந்த தீர்மானம், அதாவது பேச்சுவார்த்தை பலிக்காவிட்டால் போர் என்பது, நிறைவேறிவிட்டது. கவிதையிலும் பாருங்கள், கொந்தளிப்பது காற்றும் அலையும்தான். அக்டோபரில் டோஜோவைப் பிரதமராக்கியபோது எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபரிசீலனை செய்யும்படி சொல்லி அனுப்பினார். டிசம்பர் 1ஆம் தேதி மாநாட்டில் போருக்கு ஒப்புதல் கொடுத்தார்.

இனி என் தொழிலுக்குரிய இடத்துக்கு வருகிறேன். 1941 டிசம்பர் 8ஆம் தேதிப் போர்ப் பிரகடனத்தையும் 1945 ஆகஸ்டு 15 அன்று வானொலியில் ஒலித்த போர்முடிவுப் பிரகடனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒன்று தெரியும். இரண்டிலும் பேரரசர் தன்னைக் குறிக்க 'சின்' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார். அவரைத் தவிர வேறு யாரும் பயன்படுத்த முடியாத தன்மைச் சொல் அது. பழைய செப்பேட்டுத் தமிழில் 'யாம்' என்று வைத்துக்கொள்ளலாம். முதல் பிரகடனத்தில், அமெரிக்கா, பிரிட்டன் மீது யாம் போர் அறிவிக்கிறோம் என்கிறார். எழுவாய் தெளிவாக இருக்கிறது. சில வரிகள் கழித்து, துரதிர்ஷ்டவசமாக மோதல் தொடங்கும் நிலை வந்துவிட்டது, இது உண்மையிலேயே தவிர்க்க இயலாதது, இது எம் விருப்பமாகுமோ என்கிறார்.

நான்கு ஆண்டுகளும் பல கோடி உயிர்களும் கழிந்து வந்த இரண்டாவது பிரகடனத்தில், சரணடையச் சொல்லி எதிரி நாடுகள் விடுத்த கூட்டறிக்கையை ஏற்பதாக யாம் அரசைக்கொண்டு அறிவிக்கச் செய்தோம் என்கிறார். இங்கும் எழுவாய் உண்டு. போரைப் பற்றி வரும்போதோ, போர்நிலை நமக்குச் சாதகமாகவே திரும்பியது என்று சொல்வதற்கில்லை என்று போர்நிலையே எழுவாயாகிறது. பிற நாடுகளின் இறையாண்மையைப் பறிப்பதும் மண்ணை ஆக்கிரமிப்பதும் ஆதியிலிருந்தே எம் விருப்பம் அல்ல என்று மறுபடியும் அதே விருப்பம் என்ற சொல்லோடு வருகிறார். தொடங்கியதும் விருப்பமில்லை, நடந்ததும் விருப்பமில்லை. சரணடைதல் என்ற சொல் அந்த உரையில் எங்கும் இல்லை. அரண்மனைப் பழைய நடையில் இருந்ததால் கேட்டவர்களில் பலருக்குப் புரியவே இல்லை. அறிவிப்பாளர் அதை மறுபடி வாசித்து விளக்க வேண்டியிருந்தது.

அவர் செய்ததைச் சிறிதாக்கிப் பேச நான் விரும்பவில்லை. ஆகஸ்டு 9 நள்ளிரவில் அரண்மனையின் பதுங்கறையில் உச்சப் போர்க்குழுவின் ஆறு பேரும் மூன்றுக்கு மூன்றாகப் பிரிந்து நின்றார்கள். ஹிரோஷிமா போயிருந்தது, அன்று காலையில் நாகசாகி போயிருந்தது, சோவியத் படைகள் மஞ்சூரியாவுக்குள் இறங்கியிருந்தன. பிரதமர் சுஸுகி முறையை மீறிப் பேரரசரின் முடிவைக் கேட்டார். போரை முடிக்கும் பக்கம் நின்றார் அவர். 14ஆம் தேதி மறுபடியும் அதையே உறுதிசெய்தார். அன்று இரவு பதிவுசெய்த உரையின் இசைத்தட்டுகளைத் தேடி இளம் அதிகாரிகள் அரண்மனைக்குள் புகுந்து, காவற்படைத் தளபதியைக் கொன்றார்கள். தட்டுகள் கிடைக்காததால் மறுநாள் நண்பகலில் அந்தக் குரல் ஒலித்தது. ஆகஸ்டில் எடுத்த இந்த முடிவைப் 'புனிதத் தீர்ப்பு' என்கிறார்கள். ஜப்பானியச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினால் 'செய்தான்' என்று வருகிறது. தற்செயல்தான். ஆனாலும் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் என் கை ஒரு நொடி நின்றுவிடுகிறது.

ஏனென்றால் அதே ஆண்டு பிப்ரவரி 14 அன்று கொனோயே வந்து, தோல்வி உறுதி, போரை முடித்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்திருந்தார். இன்னொரு முறை போர்க்களத்தில் வெற்றி காட்டாமல் அது கடினம் என்றார் பேரரசர். மார்ச் 10 அதிகாலையில் டோக்கியோவில் தீக்குண்டுகளால் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் எரிந்துபோனார்கள். ஒகினாவாவில் பொதுமக்களும் படைவீரர்களுமாக இரண்டு லட்சம் பேர் இறந்தார்கள். ஹிரோஷிமாவில் மட்டும் அந்த வருட இறுதிக்குள் சுமார் 1,40,000 பேர். ஆகஸ்டில் ஒரு வார்த்தையால் முடிந்தது, பிப்ரவரியில் நிச்சயம் முடிந்திருக்கும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். கேட்டிருக்கலாமே என்று கேட்பதற்கு இறந்தவர்களுக்கு உரிமை உண்டு.

அந்த இறந்தவர்களில் நம்மவர்களும் உண்டு. தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளத்தில் ஜப்பானிய ராணுவம் போட்ட சயாம் மரண ரயில் பாதையில் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள். 'கொண்டுபோகப்பட்ட' என்று நானே எழுதிவிட்டேன் பாருங்கள். ஜப்பானிய ராணுவம் கொண்டுபோனது. 1945 பிரகடனத்தில், கிழக்காசிய விடுதலைக்காகத் தங்களோடு ஒத்துழைத்த நட்பு நாடுகளுக்குப் பேரரசர் வருத்தம் தெரிவிக்கிறார். இவர்களுக்கு அதில் ஒரு சொல் இல்லை.

போருக்குப் பிறகு அமெரிக்கர்களும் அந்த எழுவாயை மறைக்க உதவினார்கள். பேரரசரை விசாரித்தால் நாட்டைக் கட்டுப்படுத்தக் குறைந்தது பத்து லட்சம் படைவீரர்கள் தேவைப்படும் என்று ஜப்பானில் நிலைகொண்ட படைகளின் அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தர் 1946 ஜனவரியில் வாஷிங்டனுக்குத் தந்தி அனுப்பினார். போர்க்குற்றங்களுக்கான டோக்கியோ விசாரணையில் 28 பேர் மீது குற்றம் சாட்டினார்கள். அதில் பேரரசர் பெயர் இல்லை. 1947 டிசம்பர் 31 அன்று சாட்சிக் கூண்டில் டோஜோ, பேரரசரின் விருப்பத்துக்கு எதிராக ஜப்பானியக் குடிமகன் எவனும் நடக்க மாட்டான் என்று சொல்லிவிட்டார். அரசுத் தரப்பே பதறிப்போய் ஆள் அனுப்பியது. ஒரு வாரத்தில், மன்னர் மனமில்லாமல்தான் சம்மதித்தார் என்று மாற்றிச் சொன்னார். ஏழு பேரைத் தூக்கிலிட்டார்கள், டோஜோவும் அதில் ஒருவர். பேரரசர் 1947இன் புதிய அரசியலமைப்பில் நாட்டின் 'சின்னம்' ஆகி, 1989 ஜனவரி 7 வரை அரியணையில் இருந்தார்.

1975 அக்டோபர் 31 அன்று செய்தியாளர் கூட்டத்தில் போர்ப் பொறுப்பைப் பற்றி அவரிடம் நேராகவே கேட்டார்கள். அதெல்லாம் சொல்லாட்சி சம்பந்தப்பட்ட விஷயம், இலக்கியத் துறையை நான் அவ்வளவாகப் படித்ததில்லை, அதனால் பதில் சொல்ல முடியவில்லை என்றார். மொழியையே தொழிலாகக் கொண்டவளுக்கு இதைவிடக் கசப்பான பதில் இல்லை. ஹிரோஷிமா பற்றிக் கேட்டதற்கு, வருந்தத்தக்கது, ஆனால் போர்க்காலம் என்பதால் தவிர்க்க இயலாதது என்று நினைக்கிறேன் என்றார். அந்தத் 'தவிர்க்க இயலாதது', 1941 பிரகடனத்தில் போருக்குச் சொன்ன அதே சொற்றொடர்தான். 34 ஆண்டுகள் கழித்தும் அதே சொற்றொடர்.

அவர் மகன் அகிஹிட்டோ ஒகினாவா, சைபன், பலாவ், பிலிப்பைன்ஸ் என்று போர் நடந்த இடங்களுக்கெல்லாம் போய்த் தலைகுனிந்து நின்றார். 2013 டிசம்பரில் சென்னைக்கும் வந்தார். அவர் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. 2015 நினைவுநாளில் கடந்த போர் குறித்த ஆழ்ந்த மனவருத்தம் என்று முதன்முறையாகச் சொன்னார். யாருடைய செயலுக்கான மனவருத்தம் என்று அந்த வாக்கியத்திலும் இல்லை.

என் வகுப்பில் இப்போதெல்லாம் ஹிரோஷிமா நினைவுச்சின்னத்தில் பொறித்திருக்கும் வரியைத் தமிழாக்கக் கொடுக்கிறேன். 1952இல் வைத்தது. "அமைதியாக உறங்குங்கள்" வரை எல்லோருக்கும் சுலபமாக வந்துவிடும். அடுத்து, தவறை மீண்டும் செய்யாதிருப்பது பற்றிய பகுதி. எழுவாய் இல்லை. அந்த ஆண்டே அங்கு போன இந்திய நீதிபதி ராதாபினோத் பால், இது யாருடைய தவறு, குண்டு போட்டவர்கள் ஜப்பானியர் அல்லவே என்று கண்டித்தார். மனிதகுலம் முழுவதும்தான் எழுவாய் என்பது நகராட்சியின் விளக்கம்.

போன ஆகஸ்டில் ஒரு பையன் "தவறு மீண்டும் நடக்காது" என்று எழுதினான். இன்னொருவன் "தவறு மீண்டும் செய்யப்படாது" என்று எழுதினான். கடைசி வரிசையில் ஒரு பெண் "தவறை மீண்டும் செய்ய மாட்டோம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, நான் திருத்துவதற்குள் கேட்டாள்: "மேடம், இந்த 'மாட்டோம்'ல பேரரசரும் இருக்காரா?"

நான் சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன். அன்றைக்கு வகுப்பு முடிய ஒன்பதரை ஆகிவிட்டது.