மொட்டைப் பூனையும் எண்ணெய்ப் பிசுக்கும்

ஸ்பிங்க்ஸ் என்ற முடியில்லாத பூனை இனத்தைக் கோவைப் பக்கம் முதல்முறை தூக்குபவர்கள் பெரும்பாலும் கேட்பது, "ஏனுங்க, இதுக்குக் காய்ச்சலுங்களா?" காய்ச்சல் இல்லை. எந்தப் பூனைக்கும் உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும், நமக்கு 37தான். மற்ற பூனைகளில் முடி நடுவில் நின்று அந்தச் சூட்டைக் கைக்குத் தெரியாமல் வைத்திருக்கிறது. இதில் தடுக்க ஒன்றும் இல்லை. அடுத்த கேள்வி, "சவரம் பண்ணி விட்டீங்களா?" இதற்குப் பதில் கொஞ்சம் நீளம்.

1966இல் கனடாவின் டொராண்டோவில் ஒரு சாதாரணப் பூனை, முடியில்லாத குட்டி ஒன்றைப் போட்டது. அந்த வம்சம் நிலைக்கவில்லை. இன்றைய ஸ்பிங்க்ஸ்கள், 1970களில் அமெரிக்காவின் மினசோட்டாவிலும் மறுபடி டொராண்டோவிலும் தற்செயலாகக் கிடைத்த பூனைகளின் வழி வந்தவை. காரணமான மரபணு கேஆர்டி71 என்பது 2010இல் தெரிந்தது. முடியின் வேரைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் உள்ளுறைக்கான புரதத்தைச் செய்வது இந்த மரபணுவின் வேலை. ஸ்பிங்க்ஸில் அந்தப் புரதம் சரியாக உருவாவதில்லை. அதனால் முடி முளைக்கிறது, ஆனால் பிடிமானமில்லாமல் மெலிந்து ஒடிந்துவிடுகிறது. முதுகைத் தடவினால் கையில் தட்டுப்படும் பூனைமயிர் அந்த மிச்சம்தான். மீசை முடிகூடச் சுருண்டோ உடைந்தோ கிடக்கும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்த மரபணுவின் பழுதான பிரதி வந்தால்தான் குட்டி மொட்டையாகப் பிறக்கும்.

முடிதான் போயிற்றே தவிர, அதன் அடியில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகள் அப்படியே இருக்கின்றன. சாதாரணப் பூனையில் சுரக்கும் எண்ணெய் திரியில் ஏறுவதுபோல் முடியில் ஏறிப் பரவிவிடும். நக்கி நக்கி மீதியையும் அது சமன் செய்துகொள்ளும். ஸ்பிங்க்ஸில் எண்ணெய் போக இடமில்லாமல் தோலிலேயே தேங்குகிறது. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் வேகத்தைக் கோவை, பொள்ளாச்சி, பல்லடம்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னலைச் சாத்தினாலும் டைல்ஸில் மண் நரநரக்கும். அந்தப் புழுதி முழுக்கப் பூனை மேல்தான் ஒட்டும். அது படுத்து எழுந்த வெள்ளை விரிப்பில் பழுப்பாக ஒரு தடம் தெரியும். விரலைப் பிதுக்கி நகத்தின் அடியைப் பாருங்கள், கருப்பாக மெழுகுபோல் அழுக்கு அப்பியிருக்கும். காதுக்குள்ளும் அதே கதை.

ஆக, முடி பார்த்த வேலையை இனி நீங்கள் பார்க்க வேண்டும். வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான நீரில், பூனைக்கென்று விற்கும் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டினால் பெரும்பாலும் போதும். மடிப்புகளில் நுரை தங்காமல் அலசி, துண்டால் ஒற்றி எடுத்து, மின்விசிறிக் காற்றுப் படாத இடத்தில் விட வேண்டும். தினமும் குளிப்பாட்டக் கூடாது. தோல் வறண்டு செதில் உதிரும். காதின் வெளிப்பக்கத்தையும் நக இடுக்குகளையும் ஈரப் பஞ்சால் துடைக்கலாம், பட்ஸைக் காதுக்குள் விட வேண்டாம். கண்ணிமை முடியும் இல்லாததால் கண்ணோரத்தில் பீளை சேரும், அதையும் துடைத்துவிட வேண்டும்.

தோல் பளபளக்கட்டும் என்று தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லும் பெரியவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. வேண்டாம். ஏற்கெனவே எண்ணெய் வழிகிற தோல் அது. தடவியதையும் அது நக்கித்தான் தின்னும். இதைவிட ஆபத்தானது, நாய்க்கு உண்ணி போக முதுகில் விடும் சொட்டு மருந்து. அவற்றில் பல பெர்மெத்ரின் கலந்தவை. பூனையின் கல்லீரலால் அதைச் சரியாக முறிக்க முடியாது. வலிப்பு வந்து உயிரே போகலாம்.

முடியில்லாவிட்டால் வெயில் தாங்கும் என்று நினைப்பது தப்பு. பூனைக்குப் பாதங்களில் மட்டும்தான் சொல்லும்படி வியர்க்கும். ஈரோடு சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும்போது வெளிக்காற்று பூனையின் உடலைவிடச் சூடாகிவிடுகிறது. மொட்டை மாடியில் சற்று நேரம் படுத்தாலே வெளிர் நிறத் தோல் சிவந்து வெந்துவிடும். வீட்டுக்குள்ளேயே வளர்க்க வேண்டிய பூனை இது. மார்கழியில் நிலைமை தலைகீழ், விடிகாலையில் ஒண்டுவதற்கு உங்கள் போர்வைக்குள் நுழையும். சட்டை போடுவதென்றால் திருப்பூர்ப் பனியன் துணி இருக்கவே இருக்கிறது. பருத்தியாகப் பார்த்து வாங்கி அடிக்கடி துவைக்க வேண்டும், எண்ணெய் ஊறிய துணியே பருவுக்குக் காரணமாகும். சூட்டைத் தக்கவைக்க உடம்பு கூடுதலாக எரிப்பதால் தீனியும் அதிகம் கேட்கும். அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள்.

முடி இல்லை, அதனால் அலர்ஜி வராது என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. அலர்ஜி உண்டாக்கும் புரதம் பூனையின் எச்சிலிலும் தோல் எண்ணெயிலும் இருக்கிறது. முடி அதைச் சுமக்கிறது, அவ்வளவுதான். தும்மல்காரர்கள் காசு கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பூனையோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்ப்பது நல்லது.

இன்னொன்று, இதயம். இதயத் தசை தடித்துப்போகும் நோய் இந்த இனத்தில் அதிகம் காணப்படுகிறது. வெளியில் அறிகுறி தெரியாமலே முற்றும். எக்கோ ஸ்கேனில்தான் பிடிபடும். எல்லா கால்நடை மருத்துவமனையிலும் அது இருக்காது, முதலிலேயே போன் போட்டு விசாரித்துக்கொள்ளுங்கள். குட்டி வாங்கும்போது, தாய்க்கும் தந்தைக்கும் எக்கோ எடுத்த காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.