மிக்கி மவுசிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

படத்தில் ஒருவன் படியிறங்குகிறான். ஒவ்வொரு படிக்கும் பியானோ ஒரு சுரம் கீழே இறங்குகிறது. அவன் வழுக்கி விழுந்ததும் ஜால்ரா ‘ஜங்’ என்கிறது. திரையில் தெரியும் அசைவை இசை இப்படி அச்சுப் பிசகாமல் பின்தொடர்வதற்குத் திரையிசைக்காரர்கள் வைத்த பெயர் மிக்கி மவுசிங். மிக்கி மவுஸ் என்ற கார்ட்டூன் எலியின் பெயர் வினைச்சொல்லாகிவிட்டது.

1928 நவம்பர் 18 அன்று நியூயார்க்கின் காலனி தியேட்டரில் டிஸ்னியின் கார்ட்டூன் படம் ‘ஸ்டீம்போட் வில்லி’ திரையேறியது. அதில் மிக்கி, மாட்டின் பல்லைத் தட்டியே பாட்டு வாசிக்கும். முதல் ஒலிப்பதிவில் இசைக்குழு படத்தோடு ஒட்டவே இல்லை. அடுத்த முறை படச்சுருளிலேயே துள்ளும் பந்து ஒன்றைப் பதித்துவிட்டார்கள். அதைப் பார்த்துத் தாளம் பிடித்தார் இசை நடத்துநர்.

எலியின் பெயர் நிலைத்தாலும், இந்த உத்தியை அறிய நான் பார்க்கச் சொல்வது எலியே இல்லாத ஒரு படத்தை: 1929இல் டிஸ்னி வெளியிட்ட ‘தி ஸ்கெலிட்டன் டான்ஸ்’. ஐந்தரை நிமிடம்தான். இசை கார்ல் ஸ்டாலிங். படத்தின் பெரும்பகுதியை வரைந்தவர் அப் ஐவர்க்ஸ். நள்ளிரவு இடுகாட்டில் நான்கு எலும்புக்கூடுகள் எழுந்து ஆடுகின்றன, சேவல் கூவியதும் குழிக்குள் பாய்கின்றன. கதை அவ்வளவே. இசையை முன்வைத்தே யோசித்த படம் இது. வினாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனிப்படங்கள், ஓடும் படத்தில் 12 ஃபிரேமுக்கு ஒரு தாள அடி என்று வைத்தால் நிமிடத்துக்கு 120 அடி. ஓவியர் கையில் தாளம் இப்படி எண்ணிக்கையாகவே வந்து சேரும்.

ஒரு கூடு இன்னொன்றின் முதுகெலும்பைத் தொடையெலும்பால் தட்டி வாசிக்கும் இடம் இன்றும் சிரிக்க வைக்கிறது. எலும்புக்கூட்டுக்குச் சதையில்லை, முகபாவம் இல்லை. தாளத்தை எடுத்துவிட்டால் அதற்கு உயிரே இல்லை. இசை இங்கே அசைவுக்குத் துணை என்பதைவிட, அசைவுக்கு உயிர் என்பதே சரி.

குறையும் அதே தாளத்தில்தான். அடிக்கணக்கில் கட்டிய ஆட்டம் என்பதால் வரைந்த அசைவே திரும்பத் திரும்ப வருகிறது. நான்கில் எதற்கும் தனிக்குணம் கிடையாது. பாதிக்கு மேல் எனக்குக் கண் அலுத்துவிடுகிறது, காது அலுக்கவில்லை.

மிக்கி மவுசிங் என்ற சொல் வசவானது நடிகர்கள் நடித்த படங்களில். ஹாலிவுட் இசையமைப்பாளர் மாக்ஸ் ஸ்டைனரின் இசையைக் குத்திக்காட்டத் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் சொன்னது என்பார்கள். 1933இல் வந்த ‘கிங் காங்’கில் பழங்குடித் தலைவன் நடந்து வரும் அடிக்கு அடி இசை விழும். 1935இன் ‘தி இன்ஃபார்மர்’ படத்தில் சொட்டும் நீருக்குக்கூட ஸ்டைனர் சுரம் கொடுத்தார். நடிகனுக்கு முகம் இருக்கிறது; அது சொன்னதையே இசையும் சொன்னால் கூறியது கூறல்தான். நம் பழைய நகைச்சுவைக் காட்சிகளில் ஆள் விழிக்கும்போதெல்லாம் வரும் ‘டொய்ங்’ இதன் ஒன்றுவிட்ட தம்பி.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘பின்னணி இசை’ மிக விரிந்தது. ‘ஒத்திசைவு’ என்றால் எதோடு எது ஒத்தது என்ற கேள்வி மிஞ்சும். ‘மிக்கியெலித்தல்’ என்று ஒரு நண்பர் சொன்னார். சிரிக்க மட்டும் ஆகும். என் பரிந்துரை ‘அடியொற்றிசை’. அடி என்றால் காலடி, தாளத்தின் அடி இரண்டும்தான். ஒருவரை அப்படியே பின்பற்றுவதை ‘அடியொற்றி நடத்தல்’ என்று ஏற்கெனவே சொல்கிறோம். முக்கியமாக, இந்தச் சொல்லில் வசவு இல்லை. ‘எலும்புக்கூட்டுக்கு அடியொற்றிசை பொருந்தியது, சொட்டும் நீருக்கு உறுத்தியது’ என்று ஒரே சொல்லை வைத்துப் பாராட்டவும் முடியும், குறை சொல்லவும் முடியும்.