டெக்சாஸில் வேட்டைக் குத்தகை: லைசென்ஸ் சுலபம், வழக்குதான் கவனம்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட நிலம் தனியாரிடம் இருக்கிறது. மான் வேட்டைக்குப் போக நினைக்கும் நகரவாசி, பெரும்பாலும் யாராவது ஒரு நிலக்காரரிடம்தான் போய் நிற்க வேண்டும். மாடு மேயும் நிலத்திலேயே சீசனுக்கு நாலு பேரை வேட்டைக்கு விட்டுக் காசு பார்ப்பது அங்கே சகஜம். நாள் கணக்கிலும் விடலாம், சீசன் முழுக்கவும் விடலாம், வருடக் குத்தகையாகவும் எழுதலாம்.

குத்தகைக்குப் போவது மான் இல்லை. வெள்ளைவால் மான், வான்கோழி, காடை எல்லாம் மாநில மக்களின் சொத்து. உங்கள் வேலிக்குள் நின்றாலும் அப்படித்தான். நீங்கள் காசு வாங்குவது உள்ளே விடுவதற்கு மட்டுமே.

காசு வாங்கினால் மாநிலப் பூங்கா, வனவிலங்குத் துறையிடம் ‘வேட்டைக் குத்தகை லைசென்ஸ்’ எடுத்தாக வேண்டும். 500 ஏக்கருக்குக் குறைவு என்றால் 79 டாலர், 500 முதல் 999 ஏக்கர் வரை 147, அதற்கு மேல் 252. எப்போது எடுத்தாலும் ஆகஸ்ட் 31 அன்று காலாவதியாகிவிடும். வருகிறவர் தன் வேட்டை லைசென்ஸைத் தனியாக வைத்திருக்க வேண்டும். உங்களுடையது அவருக்குச் செல்லாது.

லைசென்ஸ் இவ்வளவுதான். பயப்பட வேண்டியது வேறு இடத்தில். வேட்டைக்கு வந்தவர் பரணிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டு உங்கள்மேல் வழக்குப் போட்டால்? இதற்காகவே மாநிலச் சட்டத்தில் 75ஆம் அத்தியாயம் என்று ஒன்று இருக்கிறது. அதன் பாதுகாப்பு கிடைத்தால், வந்தவரை அத்துமீறி நுழைந்தவரைப் போலத்தான் சட்டம் பார்க்கும். உங்கள் பொறுப்பு மிகவும் குறைந்துவிடும். வேண்டுமென்றே செய்த தீங்கும் படுமோசமான அலட்சியமும் இதில் சேராது.

விவசாய நிலத்துக்கு இந்தப் பாதுகாப்பு மூன்று வழியில் கிடைக்கும். ஒன்று, காசே வாங்காமல் விடுவது. இரண்டாவது, முந்தைய வருடம் வாங்கிய மொத்தத் தொகை, அந்த நிலத்துக்கு அதே வருடம் போட்ட சொத்து வரியைப் போல 20 மடங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது. மூன்றாவது, இன்சூரன்ஸ்: ஓர் ஆளுக்கு 5 லட்சம் டாலர், ஒரு விபத்துக்கு 10 லட்சம், பொருள் சேதத்துக்கு 1 லட்சம்.

20 மடங்கு என்றதும் தாராளமாகத் தோன்றும். ஆனால் விவசாய மதிப்பீட்டில் (சந்தை விலைக்குப் பதிலாக விளைச்சலை வைத்து வரி போடும் சலுகை) உள்ள நிலத்துக்கு வரியே சொற்பம். வரி 150 டாலர் என்று வையுங்கள். உச்சவரம்பு 3,000 டாலர். ஆளுக்கு ஆயிரம் டாலர் வீதம் நாலு பேரிடம் வாங்கினாலே தாண்டிவிட்டீர்கள். கணக்குப் பார்த்துக்கொண்டு உட்கார்வதைவிட இன்சூரன்ஸ் எடுத்துவிடுவதே மேல் என்பேன். அந்த அளவுக்கு இன்சூரன்ஸ் இருந்தால் நீங்கள் கொடுக்க வேண்டிய நஷ்ட ஈட்டுக்கும் அதே தொகைதான் உச்சம்.

சரி, மாடுகளை விற்றுவிட்டு வேட்டையை மட்டும் நம்பினால் என்ன? அங்கேதான் வரி உதைக்கும். வேட்டைக்கு விடுவது மட்டுமே விவசாயம் ஆகாது. ஆனால் 1995இல் வாக்காளர்கள் ஏற்ற அரசியலமைப்புத் திருத்தத்தால், வனவிலங்குப் பராமரிப்பும் விவசாயக் கணக்கில் வரும். நிலம் முந்தைய வருடமே விவசாய மதிப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். வாழிடப் பராமரிப்பு, மண்ணரிப்புத் தடுப்பு, இரைகொல்லிகளைக் கட்டுப்படுத்துவது, தண்ணீர், தீனி, தங்குமிடம், கணக்கெடுப்பு என்ற ஏழில் மூன்றையாவது செய்ய வேண்டும். வரி இன்னும் குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். பழைய சலுகை அப்படியே தொடரும், அவ்வளவே.

அப்புறம், ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள்: எத்தனை பேர், எந்த விலங்கு, எந்தத் தேதி, கேட்டைப் பூட்டுவது யார், உள்குத்தகை உண்டா இல்லையா. எல்லையைக் காட்டிவிடுவதும் உங்கள் வேலை. டெக்சாஸில் மரத்திலோ கம்பத்திலோ ஊதா பெயின்ட் கோடு இருந்தால் ‘உள்ளே வராதே’ என்று பலகை வைத்ததற்குச் சமம். கோடு 8 அங்குல நீளம், 1 அங்குல அகலமாவது இருக்க வேண்டும்; தரையிலிருந்து 3 முதல் 5 அடி உயரத்துக்குள் போட வேண்டும். காட்டு நிலத்தில் 100 அடிக்கு ஒன்று, மற்ற இடத்தில் 1,000 அடிக்கு ஒன்று.